நடக்க முடியாதவர் என்று ஒரு சான்றிதழ்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தியது. முத்துச்செல்வி டிரில் பிடித்தாள். அப்பா இசக்கியப்பன் பழைய காலண்டர் அட்டையை மடித்துச் சுவரோடு அணைத்து, விழுகிற தூளை ஏந்தினார்.

"மட்டம் பாத்தியாளா?"

"பாத்தாச்சுப்பா."

"உங்கம்மை சாஞ்சு பிடிச்சா அறுபது கிலோ இழுக்கும். தாங்குமா?"

"நூத்தைம்பது தாங்கும்."

அவர் நம்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து, முட்டியை மடக்கி, தானே தொங்கிப் பார்த்தார். வயது எழுபத்து மூன்று.

"முதியோர் ஹோமுக்குப் போவணும்னு நீங்கதான் ஒத்தக்கால்ல நிக்கீங்க. பிறகு இது எதுக்கு?"

"போற வரைக்கும் அவ குளிக்க வேண்டாமாக்கும்?"

அது ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவள் சென்னைக்கு ரயில் ஏறினாள். புதன்கிழமை அவர் இறந்துவிட்டார்.

துறைமுகத்தில் இருபத்தொன்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஒரு ஷிப்டு முழுக்க அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்ததற்கு வட்டியும் முதலுமாக, தரைக்கு வந்துவிட்டால் உட்கார மாட்டார். ஓய்வு பெற்ற பிறகு இன்னும் மோசம். முத்தையாபுரத்தில் எந்த வீட்டு மோட்டார் நின்றாலும் கூப்பிடாமலே போய் நிற்பார். சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்துத்தான் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அம்மா சீனித்தாய்க்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் போயிற்று. பேச்சும் போயிற்று. இடது கை மட்டும் மிச்சம். அந்த ஒரு கையை வைத்து அப்பா ஒரு ஏற்பாடு செய்தார். கப்பல் தளத்தில் நிற்கிற ஆள் கையைக் காட்ட, மேலே இருந்து அதைப் பார்த்துச் சரக்கை ஏற்றி இறக்கியவர் அவர். அதே சைகைகளை அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே காட்டினால் இறக்கு. உள்ளங்கையை விரித்தால் நிறுத்து. பிறகு அது வளர்ந்துகொண்டே போயிற்று. முதுகு அரிக்குது, உப்பு கூட, அந்தப் பொம்பளைய அனுப்பிரு, எல்லாவற்றுக்கும் விரல் வந்தது. முத்துச்செல்விக்குப் பத்துப் பன்னிரண்டு சைகை தெரியும். அப்பாவுக்கு எத்தனை தெரியும் என்று யாருக்கும் தெரியாது.

பார்த்துக்கொள்ள வந்த மூன்று பெண்களும் ஒரு மாதம் தாண்டவில்லை. "ஐயா எங்களை வேலை செய்ய விடமாட்டேங்காரு" என்று போய்விட்டார்கள். அவரே தூக்கினார், அவரே குளிப்பாட்டினார். போன வருடம் ஒருநாள் அம்மா அவர் கையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவராலும் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுத் தேவகனி அக்கா வரும்வரை ஒரு மணி நேரம் இருவரும் தரையில் இருந்தார்கள்.

மறுநாளே முதியோர் இல்லம் தேடக் கிளம்பிவிட்டார். மகள் சென்னைக்குக் கூப்பிட்டாள். அவளும் வீட்டுக்காரரும் காலை எட்டுக்குப் போனால் திரும்ப ஏழாகும். "பகல் பூரா உங்கம்மையை யாருளா பாப்பா?" என்றார்.

அவள் ஒரு தொழிற்சாலையில் கருவிகளின் அளவைச் சரிபார்க்கிற பொறியாளர். பதினோரு இல்லங்களை விசாரித்து அட்டவணை போட்டாள். மருத்துவர் எப்போது வருவார், எத்தனை பேருக்கு ஒரு உதவியாள், சாய்தளம் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். முதலில் வந்த இடத்தில் ஆண்கள் கட்டடம் தனி, பெண்கள் கட்டடம் தனி.

"ஒரே காம்பவுண்டுதானப்பா. நடுவுல நாப்பது மீட்டர்."

"நாப்பது மீட்டர்ல இருந்து கையைப் பாத்து இருபது டன்னு இறக்கியிருக்கேன். அங்கன ஊடால சுவர் கிடையாதுல்லா."

அவளுடைய அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மதியம் அம்மா தூங்கும் நேரத்தில் தேவகனி அக்காவைக் காவல் வைத்துவிட்டு, அப்பாவே பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தார். சாத்தான்குளம் பக்கம் ஒரு இடத்தில் கணவன் மனைவிக்கென்றே சின்னச் சின்ன வீடுகள் இருந்தன. ஆனால் இருவரும் தாங்களாக நடமாட வேண்டும். மாப்பிள்ளையூரணியில் முதியவர்களுக்கென்று கட்டிய புது அடுக்குமாடியிலும் அதே நிபந்தனை. படுக்கையில் இருப்பவர்களைச் சேர்க்கிற இடங்களில் நடக்கிறவருக்கு இடம் இல்லை. வயதாகிற இருவரும் ஒரே நாளில் ஒரே அளவுக்குத்தான் தளர்வார்கள் என்று நினைத்துக் கட்டியது மாதிரி இருந்தது.

கடைசியில் நாசரேத் பக்கம் ஒரு சின்ன இல்லம். நிர்வாகி ஜெபகனி டீச்சர், பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கை நோயாளிகள் பகுதியில் அறைக்கு இரண்டு கட்டில்.

"புருசன் பொஞ்சாதின்னா ஒரே அறை தருவோம் அண்ணாச்சி. ஆனா ரெண்டு பேரும் படுக்கை நோயாளியா இருக்கணும். டாக்டர் சர்டிபிகேட் வேணும்."

"அவ்வளவுதானே டீச்சர்? நானும் நடக்க மாட்டேன்னு எழுதிக்கோங்க."

"நீங்க இப்பத்தான் மாடிக்கு ரெண்டு தடவை ஏறி இறங்குனீங்க."

"அது இன்னைக்கு."

டீச்சர் சிரித்துவிட்டார். கட்டிலை மாதக் கடைசி வரை பிடித்து வைக்கிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டரிடம் நடந்ததை, கைப்பிடி பொருத்திய அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே நடித்துக் காட்டினார். எப்படி வந்தீங்க ஐயா? பஸ்ல தம்பி. பஸ் ஸ்டாண்டுல இருந்து? நடந்துதான். பிறகு நான் எப்படி ஐயா எழுத? கடைசியில் அந்த டாக்டர், முட்டி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வாருங்கள், தேய்மானம் இருந்தால் பார்க்கலாம் என்றாராம். அம்மா கட்டிலில் இருந்து அதைக் கேட்டு, உள்ளங்கையை விரித்து இரண்டு தடவை ஆட்டினாள்.

"என்னப்பா சொல்லுதா?"

"கூத்தை நிறுத்துன்னு சொல்லுதா."

புதன்கிழமை காலை பத்தரைக்கு எக்ஸ்ரே எடுக்கிற இடத்தின் வாசலில் நின்று போன் செய்தார்.

"படம் எடுத்தாச்சு. நாலு மணிக்குத் தருவானாம். அதுவரைக்கும் இங்கன எவன் உக்காந்திருப்பான்? உங்கம்மைக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்து வாங்கிக்கிடுதேன்."

"பொய் சொல்லி ஒரு இடத்துல சேரணுமாப்பா?"

"சரி, உண்மை சொல்லிச் சேருத மாதிரி ஒரு இடம் காட்டு."

சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

கஞ்சியைச் சுட வைத்தபோது அடுக்களையில் விழுந்தார். கட்டிலில் இருந்து அம்மாவுக்கு அவருடைய கால்கள் தெரிந்திருக்கின்றன. தேவகனி அக்கா எதேச்சையாக உள்ளே வந்தாள். அம்மா விரலை மேலே காட்டிச் சுழற்றினாள். நிறுத்தாமல் சுழற்றினாள். அக்கா தண்ணீர் கொடுத்தாள். தலையணையை உயர்த்தினாள். மின்விசிறியைக் கூட்டினாள். கஞ்சி தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அடுக்களைக்குப் போனாள்.

"எனக்குப் புரியலையே செல்வி. அவருன்னா பாத்த உடனே தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். கால் மணி நேரம் முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று முத்துச்செல்வி ஆஸ்பத்திரியில் கேட்டாள். சொல்ல முடியாது என்றார்கள். அளக்க முடியாத எதையும் அவளால் அப்படியே விட முடிந்ததில்லை. நாற்பது மீட்டர் என்று தான் சொன்னதை இப்போது தினமும் நினைக்கிறாள். அவர் விழுந்து கிடந்த இடம் கட்டிலில் இருந்து நாலரை மீட்டர். அளந்து பார்த்துவிட்டாள்.

பதினாறாம் நாள் முடிந்தது. அம்மா ஒருத்திக்கு என்று கேட்டபோது, அட்டவணையில் இருந்த எந்த இல்லமும் மறுக்கவில்லை. அவள் நாசரேத்தையே எடுத்தாள். ஜெபகனி டீச்சர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"பக்கத்துக் கட்டில்ல வேற ஒரு அம்மாவைப் போட்டுக்கிடட்டுமா, மா?"

"ஒரு நாள் டைம் குடுங்க டீச்சர்" என்றாள்.

அன்று பிற்பகல், அம்மாவின் சேலைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது.

"இசக்கியப்பன் ஐயா வீடுங்களா? முட்டி எக்ஸ்ரே மூணு வாரமா இங்கனயே கிடக்கு. ஆள் வரலையே."

"அதுல தேய்மானம் இருக்கா?"

"அதை டாக்டர்தான் மேடம் சொல்லணும்."

"நீங்க பாத்ததைச் சொல்லுங்க."

கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. "ரொம்ப நல்ல முட்டி மேடம். இந்த வயசுல நான் பாத்ததில்ல. ஐயா எப்ப வந்து வாங்குவாரு?"

நாளைக்கு வருகிறேன் என்றாள். மறுநாள் அம்மாவை நாசரேத்துக்கு அழைத்துப்போகிற நாள், டீச்சருக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளும். எக்ஸ்ரேயை அவள் போய் வாங்கவில்லை, அது இன்னும் எடுத்த இடத்தில்தான் இருக்கிறது.