நாள் விட்டு நாள் ஒரு சம்பான்

என் அத்தானுக்கு ரப்பர் பால்மேல் இருந்த நம்பிக்கை, எனக்கு அயோடின்மேல் இருந்ததைவிடப் பெரியது. குடையில் ஓட்டை விழுந்தால் பால். செருப்பு வாயைப் பிளந்தால் பால். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறி அங்கேயும் பால். மலாயாவில், கோப்பெங்குக்குப் பக்கத்தில் இருந்த ரப்பர் தோட்டத்தில் அவர் பால்வெட்டுக்காரர். படகு வாங்கப் புறப்பட்ட அன்றும், உறையாமல் இருக்க மருந்து கலந்த பாலை ஒரு புட்டியில் ஊற்றிக் கையோடு எடுத்து வந்தார்.

ரப்பர் விலை விழுந்திருந்த சமயம் அது. தோட்டத்தில் பாதி மரங்களைப் பால் வெட்டாமலே விட்டுவிட்டார்கள். மீதியையும் நாள் விட்டு நாள்தான் வெட்டவேண்டும் என்று துரை உத்தரவு போட்டிருந்தார். வேலை போனவர்களின் பெயர்களைத் தோட்டத்துக் கணக்கர் கிராணி எழுதிக்கொண்டிருந்தார். இந்தியாவில் ஊருக்குத் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் உண்டு என்றார்கள். அக்கா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. கப்பலில் ஏற அவளுக்கு மனமில்லை. ஏறினாலும், அங்கே போய் இறங்கி நிற்க எங்களுக்கு ஒரு வாசல் கிடையாது.

அத்தான் பிறந்தது கடற்கரையில். "நம்ம ரத்தத்துலயே கடல் இருக்கு" என்பார்.

"ஏழு வயசுல கப்பல் ஏறி வந்த ஆளு. கடல்ல நீங்க செஞ்ச ஒரே வேலை வாந்தி எடுத்தது" என்பாள் அக்கா.

ஆனால் அவர் சொன்னதில் விளையாட்டு இல்லை. அவரோடு லயத்தில் இருந்த சிநேகிதர் ஒருவர், ரயில் தண்டவாள வேலைக்குப் போய், கடலோரத்தில் போர்ட் வெல்டில் குடியேறியிருந்தார். ஆற்று வாயில் மீன் இருக்கிறது, ஒரு சம்பான் படகு இருந்தால் ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். கையில் இருந்த சேமிப்பு ஒரு படகுக்குத்தான் வரும், அதுவும் பழைய படகுக்கு. அது தவறாகப் போனால் அடுத்தது கப்பல்தான்.

நான் ஈப்போ ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சியும் பிரசவப் பயிற்சியும் முடித்து வேலையில் சேர்ந்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீயும் கூடப் போ."

"படகப் பத்தி எனக்கு என்னக்கா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நீ கேள்வி கேட்டாலே போதும். ஒன் அத்தானுக்கு ஆசை வந்தா கண்ணு தெரியாது."

ரயிலிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முதலில் பழக்கியது அதுதான்: கைவைப்பதற்கு முன் கேள். எங்கே பிடிக்கப் போகிறார், எதைக் கொண்டு பிடிக்கப் போகிறார், காற்று எழுந்தால் எங்கே ஒதுங்குவார், சேற்றில் படகைத் தள்ளப் போவது யார். அத்தான் பொறுமையாகப் பதில் சொன்னார். கரை கண்ணில் படும் தூரம்தான். தூண்டிலும் ஒரு சின்ன வலையும். காற்று வந்தால் சதுப்பு மரங்களுக்குள் புகுந்துகொள்ளலாம்.

"கூட யாரு வாரா?"

அவர் சன்னலுக்கு வெளியே ஈயம் தோண்டும் லம்பத்தின் மணல்மேடுகளைப் பார்த்தார். "தனியாத்தான்" என்றார், சற்றுப் பொறுத்து.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "பிரசவத்துக்கு வாரவங்களயும் நீ இப்படித்தான் கேப்பியா?" என்றார்.

"இதவிட அதிகமா கேப்பேன்."

"பாவம்லா அவங்க."

தைப்பிங்கில் வண்டி மாறி, போர்ட் வெல்டில் இறங்கினோம். தண்டவாளம் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் ஆறும் சேறும்தான். சிநேகிதர் காத்திருந்தார். "வாங்க தங்கச்சி" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அத்தானின் கையிலிருந்த புட்டியைப் பார்த்தார். "என்ன மச்சான், எனக்குத் தேனா?"

"பால்டா."

"நீ இன்னும் மாறலியா?"

படகுக் கொட்டகை ஒரு சீனருடையது. முதலாளி என்ற பொருளில் நாங்கள் தௌக்கே என்று கூப்பிட்ட அவரும் சிநேகிதரும் மலாயில் பேசிக்கொண்டார்கள். விற்பனைக்கு மூன்று படகுகள் இருந்தன. ஒன்று புதிய சம்பான்; விலையைக் கேட்டதும் மூன்று பேரும் அடுத்ததற்கு நகர்ந்தோம். இரண்டாவது பெரியது. பாய்மரம், பச்சைச் சாயம், நான்கு பேர் தாராளமாக உட்கார இடம். அதன் அளவுக்கு விலை நம்பமுடியாதபடி குறைவு. மூன்றாவது, பலகைகளில் ஒட்டுப்போட்ட, சாயமே இல்லாத சின்னச் சம்பான். அன்று காலையும் யாரோ அதை எடுத்துப் போயிருந்ததால் உள்ளே மீன் செதில்கள் ஈரமாக ஒட்டியிருந்தன.

அத்தான் மூன்றாவதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளங்கையை அதன் வயிற்றில் வைத்து நின்றார். அக்கா சொன்னது சரி.

"எவ்வளவு நாளா தண்ணிக்கு வெளிய கெடக்குன்னு கேளுங்கண்ணே" என்றேன் சிநேகிதரிடம்.

அவர் கேட்டார். தௌக்கே கையை மட்டும் அசைத்தார். நீண்ட நாட்கள் என்று அர்த்தம். வெயிலில் காய்ந்து பலகைகள் விலகியிருந்தன. சில இடுக்குகளில் உள்ளிருந்து பார்த்தால் வெளிச்சம் தெரிந்தது. பலகையே கெட்டிருக்கிறதா என்று பார்க்க என் கொண்டை ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். பெரும்பாலும் கெட்டியாகத்தான் இருந்தது. நல்ல உடம்பு, மூட்டுகள்தான் விட்டுப்போயிருந்தன. எல்லா இடுக்குகளையும் புதிதாக அடைத்து மெழுக என்ன ஆகும் என்று கேட்டோம். படகின் விலையில் பாதிக்குமேல் சொன்னார்.

"அதுக்கு என்ன காசு? பால் ஊத்துனா அடைஞ்சிரும்" என்றார் அத்தான்.

சிநேகிதர் சிரிக்க வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன், மூடிக்கொண்டார். ரப்பர் விரிப்புகளையும் குழாய்களையும் தினமும் கழுவுகிறவள் நான். ஈரத்தில் ரப்பர் எதன்மேலும் ஒட்டி நிற்பதைப் பார்த்ததில்லை. ஆனால் படகில் பார்த்ததும் இல்லையே. அதனால், "ஒரு எடத்துல மட்டும் ஊத்திப் பாப்போம் அத்தான். காஞ்சதும் அந்தப் பக்கத்தத் தண்ணில எறக்குவோம்" என்றேன்.

தௌக்கே சம்மதித்தார், வேடிக்கை பார்க்க அவருக்கும் ஆசை போலிருந்தது. அத்தான் மண்டியிட்டு, பால்வெட்டும் கத்தியின் முனையால் இடுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து, துளித்துளியாக ஊற்றினார். மரப்பட்டையில் கோடு இழுக்கும் அதே கை. ஒரு துளி சிந்தவில்லை. வெயில் கடுமையாக இருந்ததால் பால் மஞ்சளாக இறுகியது. ஏற்றம் வந்து தண்ணீர் ஏறியதும் எல்லோரும் சேர்ந்து படகின் ஒரு முனையை ஆற்றுக்குள் தள்ளிவிட்டு, சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தபோது, பலகைகள் தண்ணீர் குடித்து ஊதத் தொடங்கியிருந்தன. அத்தான் ஊற்றிய பால், ஒரே நீள நாடாவாக இடுக்கைவிட்டு வெளியே வந்து தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

"பாம்பு சட்டை உரிச்ச மாதிரி வந்துருச்சு மச்சான்" என்றார் சிநேகிதர். இந்த முறை அவரால் அடக்க முடியவில்லை.

அத்தான் அந்த நாடாவை எடுத்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கரையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் விட்டு நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சின்னதப் பாத்தேன் அத்தான். ஊசி எங்கயும் எறங்கல. தெனமும் தண்ணில கெடந்ததால எடுக்கு விடல. அடி தட்டையா இருக்கு, தண்ணி வத்துன நேரத்துலயும் சேத்துல நீங்க ஒத்தையா தள்ளிரலாம். பெரிச ஒத்தையா தள்ள முடியாது."

"ஒத்தையா இல்ல புள்ள."

எனக்கு முதலில் புரியவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரன் பேரு கப்பலுக்கு எழுதியாச்சு. அவனுக்கு மூணு புள்ள. எழுதுன பேர அடிச்சிரு, ரெண்டு பேரும் சேந்து கடலுக்குப் போலாம்னு சொல்லிட்டேன். அவனும் போய் அடிச்சிட்டு வந்துட்டான். ஒங்கக்காட்ட இன்னும் சொல்லல."

என் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் ரயிலில் பதில் தாமதமாக வந்தது ஏன் என்று அப்போது விளங்கியது. சின்னச் சம்பானில் ஒருவருக்கும் ஒரு வலைக்கும்தான் இடம். இரண்டு பேர் உட்கார்ந்தால் மீனுக்கு இடமில்லை. காற்று எழுந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. பெரியதை வாங்கினால் அடைக்கக் காசு இல்லை. அந்தக் காசு சேரும்வரை இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சொல்லும்போதே, நான் சொல்வது சரியாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. என்னால் கணக்கைத்தான் சொல்ல முடிந்தது. வழி சொல்ல முடியவில்லை.

ஆற்றில் நீர் திரும்பி இறங்கத் தொடங்கியது. கரி ஏற்ற வந்த தோணி ஒன்றில் ஆட்கள் கூடைகளைத் தலையில் வைத்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். அத்தான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிநேகிதரைக் கூப்பிட்டார்.

"மச்சான், கரி தூக்க தெனமும் ஆள் எடுப்பானா?"

"வந்தவன எடுப்பான். வராதவன கேக்க மாட்டான். ஏன்?"

"தொரை மரத்த நாள் விட்டு நாள் வெட்டச் சொன்னாருல்ல. நாமளும் அப்படி வெட்டுவோம். இன்னைக்கு நான் கடலு, அவன் கரி. நாளைக்கு அவன் கடலு, நான் கரி. படகு ஒண்ணு போதும்."

சிநேகிதர் யோசித்தார். "மரத்துக்கு ஒருநாள் ஓய்வு கெடைக்கும். ஒங்க ரெண்டு பேருக்கும் எப்படா ஓய்வு?"

"ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வருவோம்லா. அங்க தூங்கிக்கிறோம்."

சின்னச் சம்பானை வாங்கினோம். அத்தான் கடைசியாக ஒருமுறை பச்சைப் படகின் வயிற்றைத் தட்டிக்கொடுத்தார்.

நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பியபோது அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். "எப்படி இருக்கு?" என்றாள் என்னிடம்.

"அசிங்கமா இருக்கு. ஒழுகல."

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். மீதியை அத்தான் தானாகவே சொன்னார். அக்கா கேட்டு முடித்து, அவரை நெடுநேரம் பார்த்தாள். அவள் திட்டப் போகிறாள் என்று நான் நினைத்தேன். அவள் உள்ளே போய் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த பலகைச் சுவரைத் தட்டினாள். "அக்கா, சாமானக் கட்டுங்க. கப்பலுக்கு இல்ல, ரயிலுக்கு" என்றாள் பக்கத்து வீட்டம்மாவிடம். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது.

போர்ட் வெல்டிலும் நடுவில் ஒரு பலகைச் சுவர் வைத்து இரண்டு குடும்பமும் அடுத்தடுத்துக் குடியேறின. முதல் மாதங்கள் சிரமமாகத்தான் இருந்தன. அத்தானுக்கு நிஜமாகவே கடலில் வாந்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் தூண்டிலில் கெட்டிக்காரர் என்று தெரிந்தது. அத்தான் கடலுக்குப் போன நாளில் மீன் குறைவு, அவர் கரி தூக்கிய நாளில் கூலி அதிகம். அதைப் பற்றி இரண்டு வீட்டிலும் கேலி நடந்தது, சண்டை நடக்கவில்லை. அக்காவின் பிரசவத்துக்கு நான் விடுப்பு எடுத்துப் போனேன். பெண் குழந்தை. அன்று கடல்முறை அத்தானுடையது. அவர் திரும்புவதற்குள் பிறந்துவிட்டாள்.

சம்பான் இன்னும் ஓடுகிறது. சாயம் பூச வேண்டும் என்று ஒவ்வொரு முறை நான் போகும்போதும் சொல்கிறார்கள். போர்ட் வெல்டின் மீன்காரர்களுக்கு இன்றுவரை புரியாத ஒன்று, அந்த இரண்டு வீட்டிலும் யாரும் "கடலுக்குப் போறேன்" என்று சொல்வதில்லை என்பது. விடியும் முன் அக்கா பலகைச் சுவரைத் தட்டிக் கேட்கிறாள்:

"இன்னைக்கு யாரு வெட்டு?"