கேமராவுக்குப் போட்ட குல்லா

எங்கள் ஊர் முக்கில் போலீஸ் கேமரா வைத்தபோது ஊரே கை தட்டியது. லாரி வருவதற்குள் ரோட்டோரம் அடுக்கி வைக்கிற காரட் மூட்டைகளுக்கு இனி அதுதான் காவல். நான் மட்டும் தட்டவில்லை. கம்பம் என் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. கேமரா பார்த்ததோ ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கக்கூஸ் கதவை.

கல்யாணப் பந்தியில் உட்காரவே எனக்குக் கூச்சம். நான் தண்ணீர் வாளியோடு போவதை ஸ்டேஷன் டிவியில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்கள் என்று நினைத்தால், போகிற காரியமே நின்றுவிடும்.

அதனால் பீன்ஸ் கொடிக்கு ஊன்றும் நீளக் குச்சியில் என் கம்பளிக் குல்லாவை மாட்டி, பின்னாலிருந்து கேமரா தலையில் போட்டுவிட்டுப் போவேன். திரும்பி வந்ததும் எடுத்துவிடுவேன். இரண்டு வாரம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் திரும்பி வரும்போது மூடுபனியில் கம்பமே தெரியவில்லை. குல்லாவை எடுக்க மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு அண்ணனின் காரட் மூட்டை இரண்டு காணாமல் போனது.

போலீஸ்காரர் குல்லாவைக் கையில் தூக்கிப் பிடித்தார். "படத்துல ஒரு ஆளும் இல்ல. தெனமும் வெள்ளனே வானத்துல இருந்து குல்லா மட்டும் எறங்குது. யாருதுய்யா இது?"

பச்சைக் குல்லா, மஞ்சள் குஞ்சம். என் மனைவி பின்னியது. மிச்ச நூலில் அவள் தம்பிக்கும் அதே மாதிரி ஒன்று பின்னியிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்த இன்னொரு குல்லாவைப் போட்டுக்கொண்டு என் மச்சினன் வளைவில் வந்தான்.

"ஏறுடா ஜீப்புல."

"சார், என் குல்லா என் தலையிலயே கெடக்கே!"

"ரெண்டு வச்சிருப்ப. ஏறு."

அன்று பத்து மணிக்குப் பெண் வீட்டார் அவனைப் பார்க்க வருவதாக இருந்தது. ஜீப்பில் ஏறினால் அந்தச் சம்பந்தம் அதோடு சரி. "மச்சான், சொல்லுங்க மச்சான்!" என்று அவன் கத்தினான். என் மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"சார்... அது என்னுது."

"எதுக்குய்யா போட்ட?"

"வாளி, சார்."

"என்ன வாளி?"

ஊரே பார்க்க, கக்கூஸ் கதவைக் காட்டினேன்.

பக்கத்து வீட்டு அண்ணன்தான் முதலில் சிரித்தார். "ஏலே, கேமராவுக்குக் குளிருதுன்னு போட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல!"

"அப்ப மூட்டை?" என்று போலீஸ்காரர் கேட்டார். கக்கூஸுக்குள் தேடலாம் என்று நினைத்தாரோ என்னவோ, ரோட்டைத் தாண்டிப் போனார். போன வேகத்தைவிட வெரசாகத் திரும்பி ஓடிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டார். கக்கூஸுக்குப் பின்னால் காட்டுமாடு ஒன்று, கொம்பில் கிழிந்த சாக்கோடு, வாயில் காரட்டோடு நின்றது.

மச்சினனை விட்டுவிட்டார். என்னை விடவில்லை. "கேமராவ மறைச்சா உள்ள போடலாம், தெரியும்ல? ஒரு மாசம் தெனமும் ஏணி போட்டு அதுல பனியத் தொடைக்கணும். அதான் உனக்குத் தண்டன."

பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி: "வாளி வீடு இதுதானுங்களா?" ஆனாலும் பெண் கொடுத்துவிட்டார்கள்.

நான் துடைக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "யோவ், வாயத் தெறந்துக்கிட்டுத் தொடைக்காதய்யா. டிவி பூராம் உன் பல்லுதான் தெரியுது. டீ எறங்க மாட்டேங்குது."

மறுநாள் முதல் அந்தப் பச்சைக் குல்லாவைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு துடைத்தேன்.