தூக்க மாத்திரை தேடி ஊரப்பாக்கம் வரை

போன செவ்வாய்க்கிழமை காலை 7.40க்குக் கிளம்பினேன். மாத்திரை தீர்ந்து மூன்று இரவுகள் ஆகியிருந்தன. மனைவி ஸ்டெல்லா மகளின் பிரசவத்துக்காகக் கனடா போய் ஏழு மாதம். அவள் பெயரில் இருந்த பழைய மருந்துச் சீட்டைக் காட்டி, அவளுடைய தூக்க மாத்திரையை வாங்கி நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். சிட்லபாக்கத்தில் நான் போனாலே மருந்துக் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அன்று எழுந்தவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பழசு அங்கிள். அதுவும் ஆன்ட்டி பேர்ல இருக்கு. புதுசா எழுதி வாங்கிட்டு வாங்க."

விடுவேனா? தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ, 20 ரூபாய்.

"இன்னா சார், கூட யாரும் வர்லியா?" என்றார் ஓட்டுநர்.

"எனக்கு எதுக்குப்பா ஆளு? நானே ஒரு கூட்டம்."

"அதான் ரெண்டு சீட்ட புடிச்சுகினு கீறியா!"

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம், மின்சார ரயிலில் 5 ரூபாய், பதினைந்து நிமிடம். ஐம்பது பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள், மறுத்துவிட்டேன். அங்கே எனக்குத் தெரிந்த கடைக்காரரும் அதையேதான் சொன்னார். திரும்பி வந்து தாம்பரத்தில் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது மணி 10.50. ஓ.பி. சீட்டு இலவசம்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. சின்ன வயது.

"பதினோரு பேர்மா. எப்பவும் ஜேஜேன்னு இருக்கும்."

"நல்லதாப் போச்சு. இந்த மாத்திரைய உங்க கையில தர்றதில்ல. வீட்ல ஒருத்தர் வச்சிருந்து ராத்திரிக்கு ஒண்ணு தரணும். யாரையாவது கூட்டிட்டு வாங்க, எழுதித் தரேன்."

அந்த ஆட்டோக்காரரைத் தேடிப் பிடித்து என் தம்பி என்று சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர், "பெருசு, நேரமாவுது!" என்றார்.

"நான் மட்டும்தான்மா," என்றேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. என் பெயர், வயது, அதற்குக் கீழே 'தனியாக வசிக்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். அந்த அளவு ஆங்கிலம் எனக்குப் புரியும். மூன்றே மாத்திரை. "வெள்ளிக்கிழமை வாங்க. என்கிட்டயே வாங்க."

போகிறவர்களுக்கு: சீட்டு உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பயணத்தில் மாத்திரையை அட்டையிலிருந்து பிரிக்காமல் சீட்டோடு எடுத்துப் போங்கள். என்ன மாத்திரை, எத்தனை நாள் என்று கேட்பது நம் உரிமை. நான் அரை மணி நேரம் கேட்டேன். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பொய் சொன்னால் ஆளைக் கூட்டிவரச் சொல்வார்கள்.