பூனாகலை லயத்து மாதா

பண்டாரவளையில் பஸ் கிளம்புகிற வழியாக இல்லை. போனில் ஒரு செய்தி: பழைய அமெரிக்க நடிகை ஒருத்தி காலமானாள். துணிக்கடையில் வேலைக்கு நின்றவள் சினிமாவுக்கு வந்தது, மூன்று கல்யாணம், பாதியில் நடிப்பை விட்டது எல்லாம் எழுதியிருந்தார்கள். கீழே கன்னியாஸ்திரி வேஷத்தில் ஒரு படம்.

அது எங்கள் வீட்டு மாதா.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில், எங்கள் ஒற்றையறைக் காம்பராச் சுவரில் முருகனுக்குப் பக்கத்தில் இருந்தவள். தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயா வேலை பார்த்த அம்மா, துரைசாணி தூக்கிப்போட்ட புத்தகத்திலிருந்து கிழித்து வந்து சோற்றுப் பசையால் ஒட்டினாள். நெற்றியில் குங்குமமும் வைத்தாள். "வேளாங்கண்ணி மாதாடி, கும்பிட்டுக்க" என்றாள். விறகுப் புகையில் அந்த வெள்ளை முக்காடு பழுப்பேறியது. குடித்துவிட்டு வரும் நாட்களில் அப்பா வாசலிலேயே கத்துவார். உள்ளே வந்து அந்த முகத்தைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

ஒரு நடிகையையா இத்தனை வருஷம் கும்பிட்டோம்? பொறுக்கமாட்டாமல் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, நம்ம மாதா மாதா இல்லம்மா. சினிமாக்காரி. செத்துப்போயிட்டா."

"சினிமாக்காரின்னு தெரியும். தொரசாணி அன்னைக்கே சொன்னாங்க."

"பெறகு ஏம்மா மாதான்னு சொன்ன?"

"உங்கப்பா முருகனுக்கு முன்னாடி என்னைய அடிச்சாருடி. அவளுக்கு முன்னாடி ஒருநாளும் கை நீட்டல."

பிறகு, பக்கத்து லயத்தில் ஒருத்தி செத்ததுபோல அம்மா கேட்டாள்:

"எப்ப எடுக்குறாங்களாம்?"