பயாஸில் ஒரு வரி

தாராவியில் இருக்கும் என் லேப்டாப் ரிப்பேர் கடைக்கு ஒரே ஒருமுறை வந்த தோல் பட்டறைக்காரர் அவர். வெள்ளைத் தொப்பி, ஊசி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். பேச்சுக்கு நடுவே தோள்துண்டால் லேப்டாப் மூடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இறந்துபோன மகளுடைய லேப்டாப். வேறொரு கடையில் டிஸ்க் செத்துவிட்டது, உள்ளே இருந்ததெல்லாம் போய்விட்டது என்று சொல்லிவிட்டார்களாம். மனைவிக்குத் தெரியாமல் என்னிடம் எடுத்து வந்திருந்தார்.

விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்கான பயாஸைத் திறந்து பார்த்தேன். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. டிஸ்க்கை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்டோரேஜ் மோடை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியைப் பழையபடி ஆக்கியதும் விண்டோஸ் வந்தது. திரையின் முகப்புப் படத்தில் அந்த மகள் சிரித்தாள்.

அவர் சட்டென்று மூடியைப் பாதி இறக்கினார்.

"நான் கொண்டாந்தப்ப இருந்த மாதிரியே திருப்பி வச்சிருங்க தம்பி."

"ஏன் பாய்? எல்லாம் பத்திரமா இருக்கே."

"எல்லாம் போச்சுன்னு கேட்டு அவ அம்மா அழுது தீத்துட்டா. இப்பதான் ரெண்டு வாய் சோறு திங்கா. இதக் காட்டுனா மறுபடி இது முன்னாடியே உக்காந்துருவா."

திருப்பி வைத்தேன். கிளம்பும்போது, எதை எங்கே மாற்ற வேண்டும் என்று தனக்கு மட்டும் தமிழில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

அவர் மனைவியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த அம்மாவிடம் நேருக்கு நேர் பொய் சொல்லிவிட்டதுபோல் இன்னும் இருக்கிறது.