வயோலாவுக்கு ஒரு 'வாஹ்'

ஐம்பத்து மூன்று வயதில், மட்டாஞ்சேரியில் பழைய இஞ்சிக் கிடங்கு ஒன்றில், அறுபது பேர் நடுவே கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். பல்வலி இல்லை. வாய்தான் வியாதி.

எங்கள் பக்கத்து மெஹ்ஃபில்களில், அதாவது ராத்திரி கஜல் கச்சேரிகளில், வளர்ந்த வாய் அது. கஜல் பாடுகிறவர் ஒரு வரியை அழகாக வளைத்தால் 'வாஹ்' சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், இவன் சாயா குடிக்க வந்தவனா என்று நிமிர்ந்து பார்ப்பார். சரியான இடத்தில் வாஹ் சொல்கிறவன் என்று முப்பது வருடத்தில் பெயர் வாங்கியிருக்கிறேன். வேறு எதற்கும் வாங்கியதில்லை.

அன்றைக்கு வாசித்தது மேற்கத்திய இசை: இரண்டு வயலின், ஒரு செல்லோ, நடுவில் வயலினுக்கு அக்கா மாதிரியான வயோலாவோடு என் மகள். வெளிநாட்டு இசைக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்ப, வெட்டாமல் ஒட்டாமல் ஒரே மூச்சில் பதிவு செய்தாக வேண்டும். மற்ற மூவரும் மறுநாள் ஊருக்குக் கிளம்புகிறார்கள். இன்னொரு தடவை என்பது கிடையாது.

"அத்தா, வாஹ் கிடையாது. இருமலும் கிடையாது," என்றாள் வாசலில். "முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, எதிர்ல சாயாக்கடை இருக்கு."

"நான் என்ன குழந்தையா?"

"குழந்தைன்னா கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன்."

அவர்கள் வாசித்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் எழுதியதாம். கஜல் எங்கே அலைந்தாலும் ஷட்ஜத்தில், அந்த ஆதார 'ஸ'வில், வந்து உட்காரும். நாமும் மூச்சு விடுவோம். இது உட்காரவே மாட்டேன் என்றது. வீட்டு வாசல்வரை வந்து செருப்பைக்கூடக் கழற்றும். அந்த நொடியில் செல்லோ அரை ஸ்வரம் கீழே நழுவும், வீடே இடம் மாறிவிடும். மறுபடி ஏற வேண்டும். நாலு வாத்தியம் நாற்பதாகக் கனக்கும், சட்டென்று ஒற்றை நூலாக மெலியும். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஒரு வாஹ் கிளம்பிக் கைக்குட்டையில் மோதித் திரும்பியது.

மூன்றாம் பகுதி மெதுவானது. அதுவரை மற்றவர்கள் பாட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த வயோலாவுக்கு முதல் முறையாகப் பாட்டு வந்தது. கொஞ்சம் தொண்டை கட்டிய, கனத்த குரல். ஏறினாள், தயங்கினாள், இன்னும் ஏறினாள். உச்சியில் வில் நின்றது. நால்வரும் நின்றார்கள். பதிவுக்காக மின்விசிறியையும் நிறுத்தியிருந்ததால் என் வியர்வை சொட்டுவதே கேட்டுவிடும் போலிருந்தது. பிறகு, அரை மணி நேரமாகத் தள்ளிப்போட்ட அந்த ஸ்வரத்தில் மெல்ல வந்து உட்கார்ந்தாள்.

கைக்குட்டை என் மடியில் கிடந்தது. எப்போது விழுந்ததோ.

"வாஹ்!"

கிடங்கின் ஓடுவரை போய்த் திரும்பி வந்தது. மகளின் காது சிவந்தது. வில் மட்டும் நடுங்கவில்லை. கடைசிவரை வாசித்து முடித்தாள்.

வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினாள். அடுத்த ஆறு வாரம் என்னோடு பேச்சு, "சோறு எடுத்து வச்சிருக்கு" என்பதோடு சரி. அவள் போன் முனகும்போதெல்லாம் அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்ப்பேன்.

இடம் கிடைத்துவிட்டது.

எனக்கு உடனே நாக்கு நீண்டுவிட்டது. "பாத்தியா? கூட்டத்துல ஒரு ரசிகன் இருந்தான்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"அங்க உள்ள டீச்சர்கிட்ட போன்ல கேட்டேன் அத்தா," என்றாள். "முதல் மூணு நிமிஷம்தான் கேட்டாங்களாம். உங்க வாஹ் வரைக்கும் யாரும் வந்து சேரலை."