ஹாப்பருக்குள் கேட்ட இரண்டாவது தட்டு

இது நடந்தது பட்டப்பகலில். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. காதும் கண்ணும் நன்றாகவே இருக்கின்றன. ஆனாலும் இதைச் சொன்னபோது என் மனைவியே என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அதனால் ஒன்றுவிடாமல், நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எனக்கு வேலை அனல் மின் நிலையத்தில். ஒரு காலத்தில் நிலக்கரி ரயில் நாளுக்கு ஆறு வரும். தண்டவாளத்துக்கு அடியில் ஹாப்பர் என்று புனல் மாதிரி ஒரு பெரிய இரும்புத் தொட்டி. பெட்டிகள் அதன்மேல் நின்று கரியைக் கொட்டும். தொட்டிக்கும் கீழே சுரங்கம். அங்கே ஓடும் பெல்ட் கரியைக் கொதிகலனுக்குக் கொண்டுபோகும். தொட்டியில் கரி இறுகி அடைத்தால், கீழிருந்து அதற்குள் ஏறிச் சுரண்டிவிடுவோம். அந்தச் சுரங்கம்தான் என் பிழைப்பு.

ஆறு ரயில் மூன்றானது. பிறகு வாரத்துக்கு ஒன்று. கடைசியில் அதுவும் நின்றது. மிச்சம் ஓடுகிற ஒரு கொதிகலனுக்கு லாரியே போதும் என்றார்கள். பெல்ட்டை அறுத்து எடுத்துவிட்டு, சுரங்கத்தை மூடச் சொன்னார்கள்.

எங்களுக்கு இரண்டு வழக்கம் உண்டு. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கரி கொட்டும் முன் மேலே நிற்பவன் ஹாப்பரைக் கம்பியால் மூன்று தட்டு தட்டுவான். கீழே இருப்பவர்கள் ஆளுக்கு ஒரு தட்டு பதில் கொடுக்க வேண்டும். இரண்டு தட்டு கேட்டால் கீழே இரண்டு பேர் என்று அர்த்தம். எல்லோரும் ஏறிய பிறகுதான் கொட்டுவார்கள்.

சுரங்கக் கதவை வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே ஹாப்பர் வாயையும் மூடும் வேலை என் மனைவியின் அண்ணனுக்கு. காலையில் டீ குடிக்கும்போது வழக்கம்போல் வம்புக்கு இழுத்தார்.

"என்ன மாப்ளே, நாளையிலேர்ந்து வீட்டுல என் தங்கச்சி மூஞ்சியத்தான் பாத்துட்டு இருக்கணும்."

"அதுக்கு நான் சுரங்கத்துலயே இருந்துக்கறேன் மச்சான்."

சிரித்தோம்.

மதியம் இரண்டரை. சுரங்கக் கடைசியில் ஊற்றுத் தண்ணீரை இறைக்கும் பம்ப்பை நிறுத்த இறங்கினேன். வாசல் பலகை இல்லை. காலையிலேயே பழைய இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போயிருந்தான். வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பத்து நிமிட வேலைதானே என்று நினைத்தேன்.

கரித்தூளில் பூட்ஸ் தடம் தெரிந்தது. என் பூட்ஸ் அடியில் கோடு போட்டிருக்கும். இந்தத் தடத்தில் கட்டம். அந்த மாதிரி பூட்ஸை எங்களுக்குக் கொடுத்து எத்தனையோ வருடம் ஆகிறது. தடம் உள்ளே போயிருந்தது... திரும்பி வரவில்லை. ஹாப்பருக்கு நேர் கீழே போய் நின்றுவிட்டது.

பம்ப்பை நிறுத்தினேன். சத்தம் அடங்கியது.

அந்த அமைதியில் யாரோ இருமினார்கள்.

"யாரு?"

விளக்குகள் அணைந்தன. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள் என்று புரிந்தது. சுவரைத் தடவிக்கொண்டே கதவுக்கு வந்தேன். மூடியிருந்தது. தள்ளினேன். உள்ளங்கை பொசுங்கியது.

கதவின் விளிம்பு இன்னும் சூடாக இருந்தது. பம்ப் இரைச்சலில் மச்சான் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. பலகையும் இல்லை, வில்லையும் இல்லை. நான் போய்விட்டேன் என்று நினைத்துக் கதவை ஒட்டிவிட்டார்.

கத்தினேன். குத்தினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை.

காலில் ஈரம் பட்டது. ஊற்று ஏறத் தொடங்கியிருந்தது. பம்ப்பை நிறுத்தியது என் கை. இனி மின்சாரமும் இல்லை. விடிவதற்குள் சுரங்கம் கூரைவரை நிரம்பிவிடும்.

கைக்கடிகாரத்தின் ஒளிரும் முள்ளில் மணி மூன்றேகால். தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

டங்... டங்... டங்.

மேலே ஹாப்பர் வாயை மூடப் போன மச்சான், பழக்கத்தில் தட்டுகிறார்!

தண்ணீரில் விழுந்தடித்து ஓடினேன். தொட்டியின் அடிப்பகுதி கைக்குத் தட்டுப்பட்டது. வில்லையை எடுத்தேன். கையை ஓங்கினேன்.

டங்.

நான் இன்னும் தட்டவில்லை.

எதிரொலி என்றால் பிறகுதானே வரும்?

சத்தம் வந்தது தொட்டிக்குள்ளிருந்து. என் தலைக்கு மேலே. யாரும் சுரண்டி எடுக்காத பழைய கரி இறுகிக் கிடக்கும் மூலையிலிருந்து...

நானும் தட்டினேன். ஒரே ஒரு தட்டு.

தோளில் கரித்தூள் உதிர்ந்தது.

ஒரு கட்டி உருண்டது.

இன்னொன்று.

யாரோ புரண்டு படுக்கிற மாதிரி...

கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டில் அதனால் என்ன பயன்? ஆனாலும் மூடிக்கொண்டேன்.

தட்டு கேட்டு இறங்கி வந்த மச்சான் கதவை அறுத்துத் திறக்க அரை மணி நேரம் ஆனது. வெளியே விழுந்தேன். மச்சான் என்னைத் தூக்கவில்லை. டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னொருத்தன் எங்க?"

"நான் மட்டும்தான் மச்சான்."

"வெளாடாதே. ரெண்டு தட்டு கேட்டுச்சு."

அவரே முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கடைசிவரை போய்ப் பார்த்தார். தனியாகத்தான் திரும்பி வந்தார். கதவை மறுபடி ஒட்டினார். இந்த முறை தட்டவில்லை. நானும் தட்டச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் பேசினார். "இத்தனை வருஷமா தட்டிக்கிட்டேதான் இருந்திருப்பான் மாப்ளே. ரயில் சத்தத்துல நமக்குக் கேக்கல."

நான்காம் நாள் பழைய இரும்புக்காரன் வந்தான். பலகையைப் பிரித்தபோது அதன் பின்பக்கச் சந்தில் ஒரு வில்லை சிக்கியிருந்ததாம். ஆணியிலிருந்து நழுவி விழுந்திருக்க வேண்டும். நம்பர் நாற்பத்தொன்று.

அந்த நம்பர்காரனை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனவன் என்று பேச்சு. அவள் எங்கள் கேன்டீனில்தான் பாத்திரம் கழுவுகிறாள்.

அவளிடம் வில்லையைக் கொடுத்தேன். பலகைக்குப் பின்னால் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள். நம்பரைத் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏறி வந்தாத்தானேண்ணே இதை எடுப்பீங்க?"

"ஆமா."

"அவரு எடுக்கலையே."